பஞ்சும் கடப்பாரையும்

"புதன்கிழமைன்னு அழுத்திச் சொன்னீங்களா, இல்லையா?"

வீட்டுக்காரர் கான்ட்ராக்டரிடம் எரிந்து விழுந்ததில் நியாயம் இருந்தது. புதன்கிழமைக்காகவே வேலையை நிறுத்திவைத்துக் காத்திருந்தவர் அவர்.

அஸ்திவாரக் குழி தோண்டியதும் கட்டட ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் கான்கிரீட். ஆபீஸில் இரண்டே பேர். புதன்கிழமை வருகிறவருக்கு ஊர் வைத்த பேர் 'பஞ்சு'. யார் முகத்தைப் பார்த்தும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷன். மற்ற நாளில் வரும் அம்மாவுக்குப் பேர் 'கடப்பாரை'. அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இன்று புதன்தான். ஆனால் ஸ்கூட்டரை விட்டு இறங்கியது கடப்பாரை.

"பஞ்சு சார்தான் வருவார்னு கேட்டுத்தான் சார் புக் பண்ணேன்" என்று தலையைச் சொறிந்தார் கான்ட்ராக்டர்.

அந்த அம்மா நேரே குழிக்குள் இறங்கி ஒரு மூலையில் போய் நின்றார்.

"இங்க இன்னும் ஆழமாத் தோண்டுங்க."

"மேடம், கான்கிரீட் லாரி கிளம்பிடுச்சு..."

"திருப்பி அனுப்புங்க."

"பிளான்ல இருக்கற ஆழம் வந்தாச்சே மேடம்! வேணும்னா அளந்து பாருங்க."

"அளக்க வரலை. தோண்டச் சொல்லுங்க."

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்ற மனைவியின் காதைக் கடித்தார். "வேணும்னே பண்ணுது. கையில ஏதாவது எதிர்பார்க்குதோ என்னமோ."

"சும்மா இருங்க, காதுல விழுந்து தொலைக்கப் போகுது."

ஆட்கள் வேண்டாவெறுப்பாகத் தோண்டினார்கள். சற்று நேரத்தில் கடப்பாரை, இது நிஜக் கடப்பாரை, எதிலோ மோதியது. 'டொங்' என்று ஒரு சத்தம். அடியில் ஒன்றுமில்லாத சத்தம்.

மண்ணை ஒதுக்கினால் பெரிய பலகைக்கல். எல்லோருமாகச் சேர்ந்து நெம்பித் தள்ளினார்கள்.

கிணறு!

எந்தக் காலத்திலோ, யாரோ கல்லைப் போட்டு மூடி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். எட்டிப் பார்த்தால் இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. கான்ட்ராக்டர் ஒரு கல்லை எடுத்துப் போட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார்கள். சத்தமே இல்லை. கல் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம், எங்கேயோ பாதாளத்தில், 'தொபுக்'.

இத்தனை காலமும் இவ்வளவு பெரிய பள்ளம் காலடியில் கிடந்ததை நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது.

"இந்த மூலையிலதானேங்க பாப்பா ரூம்?" மனைவி குழியைக் காட்டிக் கேட்டார்.

வீட்டுக்காரர் அந்த அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மேடம், நீங்க தெய்வம்! நல்லவேளை, அந்தப் பஞ்சு வரலை. வந்திருந்தா டீயைக் குடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பார். நாங்க குடும்பத்தோட உள்ள போயிருப்போம். அப்படிப்பட்ட ஆளுக்கெல்லாம் எதுக்கு மேடம் இந்த வேலை?"

அந்த அம்மா முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து வீட்டுக்குப் போற வழியில அவர் இங்க எட்டிப் பார்த்திருக்கார். இந்த மூலையில மட்டும் மண்ணு ஈரமா, பொதபொதன்னு இருந்துச்சாம். 'எனக்கு மனசே சரியில்லைம்மா. நான் போனா வீட்டுக்காரர் கெஞ்சுவார், நான் இளகிடுவேன். குழந்தை இருக்கற வீடு, நீ போ'ன்னு என்னை அனுப்பி வெச்சதே அவர்தான்."