விட்டுப்போன பொருள்

‘பிற’ என்ற சொல்லில் அவள் விரல் நின்றது.

‘இந்த ஆய்வுக்கும் பிற ஆய்வுகளுக்கும் என் ரத்தத்தைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்.’

பிற என்றால் எவை என்று கேட்டாள். எல்லாப் படிவத்திலும் வருகிற வரிதான் என்றார் டாக்டர்.

மலைப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஊரே உட்கார்ந்திருந்தது. முப்பத்தோரு பேர். பத்தாவது வரை படித்தவள் அவள் ஒருத்திதான். அவள் கை நீட்டினால் எல்லோரும் நீட்டுவார்கள். டாக்டருக்கும் அது தெரியும். முதல் நாற்காலி அவளுக்கு.

ரத்தம் கொடுக்க யாரும் பயப்படவில்லை. காட்டில் அட்டைப்பூச்சிக்குக் கொடுக்காததா?

அவளுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன்பும் இவர்கள் வந்தார்கள். சோகை பார்க்கிறோம் என்றார்கள். ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். அதுவும் நமத்துப்போனது. சோதனை முடிவு இன்றுவரை வரவில்லை.

இப்போது வேறு நோயின் பெயர் சொல்கிறார்கள். சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

அந்தக் குளிர்பெட்டியையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. மருந்துப் பெட்டி நிறைந்து வரும், காலியாகப் போகும். இது காலியாக வந்திருந்தது.

டாக்டர் பழைய பட்டியலைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. அவளுக்குத் தைரியம் சொல்ல நினைத்தார், பாவம்.

“மசணன் மகளாம்மா நீ? உங்க அப்பா குடுத்த ரத்தம் இன்னும் எங்க லேப்ல பத்திரமா இருக்கு. கெட்டே போகலை.”

அரைமனதோடு நீட்டியிருந்த கையை அவள் மடக்கிக்கொண்டாள்.

அப்பா இறந்து ஆறு வருடம்.

இறந்தவருடைய பொருள் ஒன்றுகூட வெளியே தங்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கத்தி, கலயம், வெற்றிலைப் பை எல்லாம் குழிக்குள் கூடவே போகும். வீட்டுச் சீப்பில் சிக்கியிருந்த அப்பாவின் மூன்று முடிகளைக்கூட அவளே பிரித்தெடுத்துக் குழிக்குள் வைத்தாள். ஒன்று விட்டுப்போனாலும் ஆள் போக மாட்டார். திரும்பி வந்து தேடுவார்.

அப்பா தேடினார். அவள் கனவில் பரணைக் கலைத்தார். அத்தை கனவில் ஆட்டுப்பட்டியைச் சுற்றினார். எதை விட்டோம் என்று தெரியாமல் வீட்டாரும் தேடினார்கள். ஆள் போன பிறகுதான் குழிமேல் கல் நடுவார்கள்; அப்பாவுக்கு இன்னும் நடவில்லை.

டாக்டர் சொன்னதை அவள் தங்கள் பேச்சில் ஊருக்குச் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நஞ்சி அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“எப்பக் கொண்டாருவாங்கன்னு கேளு. குழியத் தொறக்கணும்.”

அவள் கேட்டாள்.

டாக்டர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பின்வரிசையில் ஒருவர், தன் அண்ணனும் அன்றைக்குக் கொடுத்தான் என்றார். அந்த அண்ணன் போன மழைக்கு இறந்தவன். சுவரோரம் இருந்த பெண் தன் புருஷன் பெயரைச் சொன்னாள்.

அவள் படிவத்தைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

கையெழுத்துப் போடக் கொடுத்த பேனாவாலேயே, அப்பா பெயரிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.