சத்துமாவு

தறி வேலைக்கு நடுவே அரைமணி நேரத்தில் மளிகை வாங்கித் திரும்பிவிடுவாள் அம்மா. எதை வாங்கினாலும் பெரிய பாக்கெட்தான். "அதுலதான் லாபம்" என்பாள்.

அன்று அப்பாவின் டாக்டரைத் தனியே பார்த்துவிட்டு, கடைக்கும் போய்வந்தாள்.

"என்ன சொன்னாரு?" என்றார் படுத்திருந்த அப்பா.

"சீக்கிரமே தறியில உக்காந்துடலாமாம்."

"அப்ப முதலாளிகிட்ட தறிக்குப் புதுப் பாவு நூல் கேளு. அதுல மூணு புடவை, ரெண்டு மாசத்துக்கு வேலை இருக்குது."

"கேட்டுக்கினு வரேன்."

அம்மா பையைக் கவிழ்த்தாள். பருப்பு, சோப்பு, எண்ணெய் எல்லாமே பெரிய பாக்கெட். அப்பா மட்டும் குடிக்கும் சத்துமாவு சின்னது.

அப்பா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரிசுல முப்பது ரூபா மிச்சமாவுமே, தில்லை?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா பருப்பை டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி, விடு" என்றார் அப்பா. "பாவு கேக்க வேணாம்."