எட்டாவது ஓட்டம்

பிற்பகல் வெயில் கண்ணாடிச் சுவர் வழியே மேசைமேல் நீண்டு படுத்திருக்கிறது. மருந்தளவு சொல்லும் மென்பொருள் தப்புத் தப்பாகச் சொல்லிவிட்டதாம்; சோதனைப் பிரிவுப் பெண்ணின் சீட்டு இன்றே கிழிந்துவிடும் என்று காலையிலிருந்து அலுவலகமே கிசுகிசுக்கிறது. அவளோ திரையை விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியில் ஓயாமல் ஆடும் குழுத்தலைவரின் காலையே பார்க்கிறாள். “நான் டெஸ்ட் ஓட்டினப்ப பச்சைதாம்மா வந்துச்சு, எல்லாம் சரின்னு. அப்புறம் நீதான் எதையோ கோட்டை விட்டிருக்கே,” என்கிறார் அவர், குரலில் தேன் ஒழுக. “அப்போ பழசையே கேட்டுடலாம் சார்,” என்று அவள் தட்டுகிறாள். பழைய சோதனை முடிவுகளைத் தோண்டியெடுக்க ஏஐ உதவியாளுக்குப் புதிதாக ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். அதைப் பொருத்தியவரும் இவர்தானே, இவருக்கே தாளம் போட்டுவிடுமோ என்று அவளுக்கு உள்ளூர உதைக்கிறது. குழுத்தலைவர் யாரிடமும் கடைசி ஓட்டத்தை மட்டுமே காட்டுகிறவர். கருவிக்கு அந்த நாசூக்கு தெரியவில்லை. ஒரே நாள், ஒரே மருந்தளவுச் சோதனை, எட்டு ஓட்டம், எட்டிலும் அவர் பெயர் என்று வரிகள் இறங்குகின்றன. ஏழு தோல்விகள் சிவப்பாக. எட்டாவது மட்டும் பச்சை. “நெட்வொர்க் கோளாறும்மா.” “ஏழு தடவையுமா சார்?” ஆடிக்கொண்டிருந்த கால் நின்றிருக்கிறது.