மெஷரபிள் என்றால்

இந்த வாரமும் பூஜ்யம்தான் என்று சொல்லிவிட்டு, டிரைவரின் மணிக்கட்டிலிருந்து கோணமானியை எடுத்தேன்.

பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோய், என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிற மனிதர். கையை மேசைமேல் வைத்து மணிக்கட்டை மட்டும் தூக்கச் சொல்வேன். முகம் சிவக்க முக்குவார். கை தன்பாட்டுக்குக் கிடக்கும்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி என் சீட்டை எட்டிப் பார்த்தார். அதில் அச்சடித்திருந்த ஆங்கில வார்த்தையைத் தொட்டு, மெஷரபிள் என்றால் என்ன என்று கேட்டார்.

எங்கள் பெரிய டாக்டருக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை அது. 'முன்னைக்கு இப்போது தேவலை' என்று எழுதினால் சீட்டு என் மூஞ்சிக்கே திரும்பி வரும். அளந்து, எண்ணாகச் சொல்ல முடிந்தால்தான் முன்னேற்றம். மற்றதெல்லாம் என் கற்பனை. இதைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"அப்போ அது வந்துட்டா நான் கிளம்பலாம்" என்றார்.

கிளம்புவது இந்த அறையிலிருந்து அல்ல. இருவரும் பிரிந்து பல வருடமாகிறது. பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கேள்விப்பட்டு ஒரே ஒரு பையோடு வந்தவர் அந்த அம்மா. கை சரியான மறுநாளே தன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று முதல் நாளே, டிரைவர் காதுபட, என்னிடம் சொல்லியிருந்தார். கறாரான பேர்வழி.

தண்ணீர் பிடிக்க வெளியே போனார். ஸ்டூல் ஓரத்தில் அவர் வைத்துவிட்டுப் போன கைப்பை மெல்லச் சரிந்தது.

கீழே விழவில்லை. டிரைவரின் வலது கை சட்டென்று போய் அதன் வாரைப் பிடித்துக்கொண்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாராவாரம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன், மனிதர் என்னிடமே நாடகம் ஆடியிருக்கிறார். நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

டிரைவர் வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார், சொல்லிவிடாதே என்பதுபோல. கண் கலங்கியிருந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

பையை ஸ்டூலில் வைத்துவிட்டு, கையைப் பழையபடி மேசைமேல் கிடத்திக்கொண்டார்.

தண்ணீர் பாட்டிலோடு வந்த அந்த அம்மா, என் பேனா காகிதத்தின் மேலேயே நிற்பதைக் கவனித்தார். என்னைக் கதவருகே கூப்பிட்டு, டிரைவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து நாற்காலியிலயே கண்ணசந்துட்டேன். அந்தக் கைதான் எனக்குப் போர்வையை இழுத்துவிட்டுச்சு. நான் கண்ணைத் திறக்கல. அளக்குற மாதிரி ஒண்ணும் இல்லைன்னே எழுதிடுங்க."

அளந்தபோது பூஜ்யம்தான். பூஜ்யம் என்றே எழுதினேன்.

உள்ளே போனவர், இன்னும் ஒன்றும் வரவில்லையாம், அடுத்த வாரமும் அலையவேண்டியதுதான் என்று வழக்கம்போலச் சலித்துக்கொண்டார். பிறகு குனிந்து, அந்த வலது கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

செத்த கை என்றால் நழுவியிருக்கும்.