பஞ்சநாதனின் கன்னம்

ஐம்பது வயதில் முகத்துக்கு லேசர் வைத்துக்கொண்டு வந்து நின்றார் பஞ்சநாதன். இடது கன்னத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தடித்துச் சிவந்திருந்தது.

மனைவி சந்திரலேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராமல் எப்படி இருக்கும்? டாக்டரம்மா லேசர் வைக்கச் சொன்னது மகள் கீர்த்திகாவுக்கு. முகம் முழுக்கப் பரு. மாத்திரை, களிம்பு எல்லாம் பார்த்தாயிற்று. காரைக்காலுக்குக் காலேஜ் போவதையே நிறுத்திவிட்டு அறைக்குள் கிடக்கிறாள். லேசர் என்றாலோ, முகம் கருகிப்போகும், செத்தாலும் வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

பெண்ணுக்கு நல்ல வார்த்தை சொல்லிக் கூட்டிக்கொண்டு போவார் என்று பார்த்தால், இந்த மனுஷர் தனியாகப் போய்த் தன் முகத்தைக் காட்டிவிட்டு வந்திருக்கிறார். வாலிபத்தில் வந்த பருக்குழி அவருக்கும் உண்டுதான். அதற்காக இப்போதா?

"வர்ற மாசம் உங்க அக்கா மவன் கல்யாணத்துல நீங்கதான் மாப்பிள்ளையா?" என்று கேட்டேவிட்டாள்.

பஞ்சநாதன் சிரித்து மழுப்பினார்.

மறுநாள் இன்னும் மானம் போனது. கன்னத்தில் வெயில் படக்கூடாதாம். வெள்ளைக் களிம்பைப் பூசிக்கொண்டு, குடையும் பிடித்துக்கொண்டு வரிச்சிக்குடியில் இருக்கும் தங்கள் வயல் வரப்பில் நடந்திருக்கிறார். நடவு ஆட்கள் நாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்களாம். பக்கத்து வீட்டு சொர்ணாம்பாள் வேலை மெனக்கெட்டு வந்து இதைச் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்புறம் தினமும் விடிந்தால் கண்ணாடிதான். கன்னத்தை இழுத்து இழுத்துப் பார்ப்பார். பெற்ற பெண் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள், அப்பனுக்கு அலங்காரம் கேட்கிறதா என்று சந்திரலேகா மனசு ஆறாமல் முணுமுணுத்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில், அவளை வாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டுக் கன்னத்தைக் காட்டினார்.

"நல்லாப் பாத்துச் சொல்லு. எங்கயாச்சும் கறுத்திருக்கா?"

"கறுக்கல. குழிகூடக் கொஞ்சம் கொறஞ்சுதான் இருக்கு. போதுமா? அடுத்த கன்னத்துக்கு எப்பப் போறீங்க?"

அவர் நேராகப் போய் மகளின் அறைக் கதவைத் தட்டினார். துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு கீர்த்திகா எட்டிப் பார்த்தாள்.

"இந்தாம்மா, தொட்டுப் பாரு. ஒண்ணும் ஆவல" என்று குனிந்து கன்னத்தைக் காட்டினார். "கறுப்புத் தோலுக்கு லேசர் வச்சா கருகிடும்னு யாரோ சொன்னாங்கன்னு பயந்தியே. நீ என் நெறந்தானே? அதான் மொதல்ல என் மூஞ்சில வச்சுப் பாத்தேன்."