ஏரியில் விழுந்த மோட்டார்

"மோட்டார் எங்கடா?"

"ஏரியில, மாமா."

"படகு இங்க இருக்கு. மோட்டார் மட்டும் எப்படிடா ஏரியில இருக்கும்?"

டெய்லர் போட்ட கேள்விக்கு மச்சான் தலையைச் சொறிந்தான். அவர் மனைவிக்கு ஒரே தம்பி. உறவில் அவனுக்கு 'அவசரம்' என்றுதான் பெயர். விருந்துக்குப் போன இடத்தில் ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் அடுத்தவர் செருப்புமாகக் கிளம்பி வருகிற ரகம்.

"திருகு லூசாகியிருக்கு, நான் கவனிக்கல. வேகம் கூட்டினதும் எகிறி விழுந்துடுச்சு. மோட்டாரைப் படகோட பூட்டி வச்சிருந்த சங்கிலியும் அறுந்து கூடவே போயிடுச்சு."

"கிளம்புறதுக்கு முன்னாடி மோட்டாரைப் பின்பலகையில பிடிச்சிருக்கிற திருகு ரெண்டையும் முறுக்கிப் பாருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா!"

வாழ்க்கையில் டெய்லர் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே ஆடம்பரம் அந்தச் சின்னப் படகுதான். ஞாயிறு காலையில் மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்து, மோட்டார் கயிற்றை ஒரே இழுப்பு இழுப்பார். அது உறுமிக்கொண்டு எழும். ஃபிளாஸ்க் டீயோடு இருவரும் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள்.

அதெல்லாம் தோளில் ஆபரேஷன் ஆவதற்கு முன்னால். அதற்கப்புறம் ஞாயிறுக்கு ஒரு சாக்கு. "காத்து சரியில்ல." "துணி டெலிவரி இருக்கு." கயிற்றை இழுக்க முடியவில்லை என்று மட்டும் மனுஷன் வாயிலிருந்து வராது.

மச்சான் ஒருமுறை, "பட்டன் அமுக்கினா ஓடுற மோட்டார் ஒண்ணு வாங்கித் தரட்டுமா மாமா?" என்று கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"என் கை என்ன கழண்டா போச்சு? எனக்கு யாரும் எதையும் தூக்கிக் கொடுக்க வேணாம்!"

இப்போது சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக வந்தாள் அக்காக்காரி.

"நம்பி ஒரு பொருளைக் கொடுத்தா இதுதான் லட்சணமா? அவர் உசிரா வச்சிருந்த மோட்டார்டா அது! இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே!"

அவள் போட்ட போட்டில் டெய்லருக்கே மச்சான் மேல் பாவமாகிவிட்டது. "சரி, போதும் விடு" என்றார்.

மச்சான் குனிந்த தலை நிமிரவில்லை. "தப்பு என்னோடது மாமா. வேற மோட்டார் நான் வாங்கி மாட்டித் தரேன்."

"பின்னே? தொலைச்சவன் நீதானே வாங்கணும்!"

மறுநாள் காலை கண் விழித்ததுமே மூக்கை உறிஞ்சினார் டெய்லர். "ஏம்மா, ரூமுக்குள்ள பெட்ரோல் வாசனை அடிக்கல?"

"உங்களுக்குத் தூக்கத்துலயும் அந்த மோட்டார் நினைப்புதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

புது மோட்டார் வந்தது. அதில் ஒரு பச்சைப் பட்டன்.

"இது என்னடா?"

"கயிறு மாடல் கடையில இல்ல மாமா."

"எதுலயும் அரைகுறை" என்று முணுமுணுத்தபடியே கூட நின்றார். மச்சான் மோட்டாரைத் தூக்கிப் பின்பலகையில் மாட்டினான். திருகு இரண்டையும் டெய்லர் தானே இடது கையால் முறுக்கினார். பேட்டரியை வைக்கப் பின்சீட்டுப் பலகையைத் தூக்கியவர், உள்ளே எதையோ பார்த்து நின்றார். பிறகு அதை மெல்ல எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மச்சான் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை மனைவி முன்சீட்டில் உட்கார்ந்தாள். டெய்லர் பட்டனை அமுக்கினார். மோட்டார் சமர்த்தாகக் கிளம்பியது. ரொம்ப நாளைக்கப்புறம் முகத்தில் ஏரிக்காற்று பட்டது. தோளில் வலி என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோனது.

நடு ஏரியில் மோட்டாரை அணைத்தார். பையிலிருந்து பூட்டும் சங்கிலியுமாக எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"அறுந்து ஏரியில போன சங்கிலி. பின்சீட்டுக்கு அடியிலயே இருந்தது. ஒரு கண்ணிகூட அறுபடல. பூட்டையும் யாரும் உடைக்கல, சாவி போட்டுத் திறந்திருக்கு. சாவி உன் கொத்துலதானே கிடக்கு?"

அவள் சங்கிலியைக் கையில் எடுத்தாள்.

"அவசரத்துல அதை ஒளிச்சு வைக்கக்கூட அவனுக்குத் தெரியல" என்றாள். "என்னங்க பண்றது? சும்மா கொடுத்தா வாங்க மாட்டீங்க. தொலைச்சதுக்கு ஈடுன்னா வாங்குவீங்க. 'கெட்ட பேரு எனக்கு வரட்டும்க்கா, மாமா படகுல ஏறினா போதும்'னான்."

இப்படி ஒரு மச்சான் கிடைக்க நான் என்ன செய்தேன் என்று நினைத்தார் டெய்லர். கண்ணைத் துடைத்துக்கொள்ள, ஆபரேஷன் ஆன கைதான் தானாக எழுந்தது.

"பழசு எங்க?"

"நம்ம கட்டிலுக்கு அடியில. போர்வை சுத்தி வச்சிருக்கேன்."

"அடிப்பாவி! அந்த வாசனை..." சிரித்துவிட்டார். "மதியம் அவனைச் சாப்பிட வரச் சொல்லு. நான் நேர்ல நன்றி சொல்லணும்." சட்டென்று நினைவு வந்தது. "ஆமா, எல்லாம் தெரிஞ்சும் எப்படி உனக்கு மனசு வந்தது? இந்த வீட்டுப் படி ஏறாதேன்னு அவனை அந்தக் கிழி கிழிச்சியே!"

"எனக்கு வரலைங்க. அவன்தான் ரெண்டு நாள் உட்காரவச்சுச் சொல்லிக் கொடுத்தான்: 'இன்னும் நல்லா திட்டுக்கா. கொஞ்சம் குறைஞ்சாலும் மாமா கண்டுபிடிச்சிடுவாரு.'"