மேலாளரின் மணிக்கட்டு

"எனக்கு இது சரிப்படல. நீங்க வச்சுப் பாருங்க."

மேலாளர் அந்த மவுஸை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றரை மாதத்தில் இது மூன்றாவது.

அது வரைபடம் தயாரிக்கும் அலுவலகம். வானத்திலிருந்து எடுத்த புகைப்படத்தைத் திரையில் விரித்து, வீடு, வாய்க்கால், வரப்பு என்று ஒவ்வொன்றின் ஓரத்தையும் கிளிக் செய்து செய்து கோடாக்க வேண்டும். நாளெல்லாம் அதே வேலை. மதியத்துக்கு மேல் அவளால் தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூடத் திருக முடிவதில்லை.

ஆபீசில் சொல்லிவிடு என்று வீட்டில் கணவர் நச்சரித்தார். எப்படிச் சொல்வாள்? அவளுடையது ஓராண்டு ஒப்பந்த வேலை. போன வருஷம் கைவலி என்று எழுதிக் கொடுத்த தோழிக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவே இல்லை. யாரும் காரணம் சொல்லவில்லை. எல்லோருக்கும் புரிந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்க இன்னும் ஒரு மாதம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்றிருந்தாள்.

இதற்கு நடுவில் மேலாளரின் கூத்து வேறு. முதலில் வந்தது நிமிர்ந்து நிற்கும் மவுஸ். கை குலுக்குவதுபோல் பிடிக்க வேண்டும். அவள் கைக்கு அது பெரிது. அடுத்து, மவுஸுக்குப் பதிலாகத் திரையில் கோடு போடும் பேனாவும் பலகையும். கட்டைவிரல் இன்னும் கடுத்தது. ஒவ்வொன்றையும் இரண்டு நாள் தொட்டுவிட்டு அவளிடம் தள்ளிவிடுவார். வெள்ளிக்கிழமை ஆனால் போதும், எங்கே இழுக்கிறது, எங்கே பிடிக்கிறது என்று வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை.

"ராஜா சாப்பிடறதுக்கு முன்னாடி ருசி பார்க்க ஒரு ஆள் இருப்பாங்களாம். அது நீதான்" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

அலுவலகமே அவருக்கு எலி ராஜா என்று பேர் வைத்திருந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும். கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது மவுஸ் இருந்த இடத்தை விட்டு நகராது. மேலே ஒரு உருண்டை. விரலால் உருட்டினால் திரையில் அம்பு ஓடும். முதல் நாள் அவள் போட்ட வாய்க்கால் ஒரு வீட்டுக்குள் புகுந்து பின்பக்கமாக வெளியே வந்தது. எரிச்சலோடு பழைய மவுஸைத் தேடினாள். காணோம். மேலாளர் எடுத்துப் போயிருந்தார்.

வேறு வழியில்லாமல் உருட்டினாள். ஒரு வாரத்தில் கோடு நேரானது. அடுத்த வாரம் ஒரு நாள், வேலை மும்முரத்தில் பாட்டில் மூடியைத் தன்பாட்டுக்குத் திருகித் தண்ணீர் குடித்தாள். குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் மேலாளர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். அலுவலக ஸ்டோர்காரர் ஒரு பெட்டியோடு வந்தார். மேலாளர் கேட்டிருந்த சின்ன கீபோர்டாம். அவருக்குப் பதிலாக அவளே கையெழுத்துப் போடலாம் என்று படிவத்தை நீட்டினார்.

"பாவம், அவருக்குக் கை ரொம்பப் படுத்துது போலம்மா. இப்படியெல்லாம் ஃபைல்ல ஏறினா ப்ரமோஷனுக்கே இடைஞ்சல்னு சொன்னேன். பரவாயில்லன்னுட்டார்."

அவள் படித்தாள்.

யாருக்கு: மேலாளர். காரணம்: வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் வலி. நிமிர்ந்த மவுஸ் கைக்குப் பெரிது. பேனா பிடித்தால் விரல் கடுக்கிறது. உருண்டை மவுஸில் வலி பாதி குறைந்திருக்கிறது. கீபோர்டும் சின்னதாக இருந்தால் கையை அகட்ட வேண்டியிருக்காது. மதியத்துக்கு மேல் டீ தம்ளரை இடது கையால்தான் பிடிக்க முடிகிறது.

எல்லாம் வெள்ளிக்கிழமைகளில், மவுஸைப் பற்றித்தானே கேட்கிறார் என்று அவள் சொன்ன வார்த்தைகள். தம்ளர் விஷயம் மட்டும் அவள் யாரிடமும் சொல்லாதது.

கையெழுத்துப் போட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சாயங்காலம் மேலாளர் வந்ததும் அவர் மேஜை முன்னால் போய் நின்றாள். நன்றி சொல்லத்தான் போனாள். சுற்றிலும் ஆட்கள். வாயைத் திறந்தால் அவர் மறைத்ததெல்லாம் வீணாகிவிடும்.

"சார், உங்க கைவலி இப்ப எப்படி இருக்கு?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அதை நீங்கதான் சொல்லணும்."